ஊதுபத்திப் புகை எந்தப் பக்கம் போகிறது? – டீச்சர் பதில்கள்

இதை எழுதுவது 2021 அக்டோபரில். தமிழ்நாட்டில் நவம்பர் 1-ஆம் தேதி ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளும் திறக்கின்றன. கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் பூட்டிய கதவு. பத்தொன்பது மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. இந்தத் தடவை வந்த கடிதங்களில் முக்கால்வாசி அதைப் பற்றித்தான். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் டாக்டர் இல்லை. தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவே உள்ள கடலோரப் பள்ளிகளில் முப்பத்து மூன்று வருடம் பாடம் நடத்தி, 2019-இல் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள். பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் கூப்பிட்டதால், ஒரு மாதமாக அவரோடு நின்று திறப்பு வேலைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அங்கே கண்டதும் செய்ததும்தான் இந்தப் பதில்களில் அதிகம் இருக்கும்.

டீச்சர், என் மகன் இரண்டாம் வகுப்பு. ஒன்றாம் வகுப்புக்கே பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. வீட்டில் இருக்கிற ஒரே போன் அவன் அப்பாவோடு கடலுக்குப் போய்விடும். நவம்பரில் அனுப்பலாமா, இல்லை பொங்கல் கழியட்டுமா?
*– ஒரு தாய், தங்கச்சிமடம்*

அனுப்புங்கள் அம்மா. பொங்கல் வரை பொறுத்தால் அவனுக்கு ஏற்கனவே போனதோடு இன்னும் இரண்டரை மாதம் போகும். வருகை கட்டாயம் இல்லை என்று அரசே சொல்லியிருக்கிறது. உங்களுக்கு மனசு ஆறாத நாளில் வீட்டில் வைத்துக்கொள்ளலாம், யாரும் பெயரை அடித்துவிட மாட்டார்கள்.

அனுப்புவதற்கு முன்னால் வீட்டில் ஒன்றைப் பாருங்கள். மகனுக்குப் போட இன்னும் கொரோனா தடுப்பூசி வரவில்லை. ஆனால் அவனோடு ஒரே பாயில் படுக்கிற பாட்டிக்கு, தாத்தாவுக்கு ஊசி உண்டு. செப்டம்பர் 12-இலிருந்து பெரிய முகாம்கள் நடக்கின்றன. பாட்டி, "எனக்கெதுக்கு, நாளைக்குப் போறவ" என்பார். விடாதீர்கள். பிள்ளை பள்ளியிலிருந்து எதையாவது கொண்டுவந்தால் அது முதலில் தேடிப் போவது அவரைத்தான்.

இன்னொன்று. அவன் பள்ளிக்கூடத்தைப் பார்த்ததே இல்லை என்கிறீர்கள். திறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் கூட்டிப்போய் கழிப்பறை எங்கே, தண்ணீர் எங்கே, எந்தத் திண்ணையில் சாப்பிடுவார்கள் என்று காட்டுங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முதல் வாரம் அழுவதற்குப் பாதிக் காரணம், ஒன்றுக்குப் போக எங்கே என்று தெரியாததுதான். கேட்கவும் கூச்சம். 4-ஆம் தேதி தீபாவளி. மூன்று நாள் போய்விட்டு வீட்டில் இருப்பான். புதுப் பிள்ளைக்கு அப்படித் தொட்டுவிட்டு வருவது நல்லது. "மாஸ்க் போடாவிட்டால் போலீஸ் பிடித்துப் போகும்" என்று மட்டும் மிரட்டாதீர்கள். பயத்தோடு போகிற பிள்ளை இருமலை அடக்கிக்கொள்ளும், காய்ச்சலைச் சொல்லாது.

சாயல்குடி பக்கம் ஈராசிரியர் பள்ளி. 47 பிள்ளைகள், இரண்டு அறைகள். கூட்டுக் குடிநீர் மூன்று நாளைக்கு ஒருமுறை வரும், சில வாரம் அதுவும் இல்லை. ஊரில் குடம் பத்து ரூபாய்க்குத் தண்ணீர் வாங்குகிறார்கள். சோப்புப் போட்டு அடிக்கடி கை கழுவ வேண்டும், இடைவெளி விட வேண்டும் என்று அறிவுரை வந்திருக்கிறது. எங்கிருந்து தொடங்க?
*– தலைமையாசிரியர், பெயர் வேண்டாம்*

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நான் ஆறு வருடம் இதே நிலையில் இருந்தவள்.

முதலில் தண்ணீர். போர்வெல் தண்ணீர் உப்பு, அதில் கட்டிச் சோப்பு நுரைக்காது. அந்தத் தண்ணீரில் இருக்கிற கால்சியம், மக்னீசியம் உப்புகள் சோப்போடு சேர்ந்து திரிந்துபோகும். தேய்க்கத் தேய்க்க வெள்ளைத் திப்பியாக விரலிடுக்கில் ஒட்டும். பிள்ளை அதைப் பாவாடையில் துடைத்துவிட்டு ஓடும். கை கழுவியதாக நாம் கணக்கு எழுதுவோம். அதனால் கட்டிச் சோப்பை விடுங்கள். பாத்திரம் கழுவும் திரவமோ, ஷாம்பு பாக்கெட்டோ உப்புத் தண்ணீரிலும் நுரை கட்டும். ஒரு பழைய பாட்டிலில் கொஞ்சம் தண்ணீரோடு நன்றாக நுரை வருகிற அளவுக்குக் கலந்து, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டுக் குழாயடியில் கட்டித் தொங்கவிடுங்கள். கவிழ்த்துப் பிதுக்கினால் கையில் விழும்.

அலசுவதற்கு நல்ல தண்ணீர். நம் ஊர்ப் பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் கோரி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சிரட்டையையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு சிரட்டை, ஏறக்குறைய 200 மில்லி. சாப்பிடும் முன் ஒன்று, கழிப்பறை போய்வந்து ஒன்று. 47 பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 19 லிட்டருக்குள் அடங்கும், அதாவது இரண்டு குடம்கூட முழுதாக வேண்டாம். குழாய் வைத்த ஒரு டிரம் வாங்கினால், தண்ணீர் வந்த அன்றைக்கு நிரப்பியது மூன்று நாள் தாங்கும். கழிப்பறைக்கு உப்புத் தண்ணீரே போதும். இப்படிக் கணக்காக எழுதிப் பஞ்சாயத்துத் தலைவரிடம் கொடுங்கள். "தண்ணீர் இல்லை" என்று எழுதிய மனுவை விட, "தினம் இரண்டு குடம் வேண்டும்" என்று எழுதிய மனுவுக்குப் பதில் சீக்கிரம் வரும். என் அனுபவம் இது.

அடுத்தது காற்று. இந்த நோய் கையை விடக் காற்றில்தான் அதிகம் பரவுகிறது. காற்றோட்டம் இல்லாத, நெரிசலான அறைக்குள் நோய்க்கிருமி காற்றிலேயே தங்கிப் பரவும் என்று உலக சுகாதார நிறுவனமும் இந்த வருடம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் பள்ளிகளில் செலவும் உழைப்பும் பெரும்பாலும் தரையில் மருந்து தெளிப்பதிலும், வட்டம் வரைவதிலும், வாசலில் நெற்றிச்சூடு பார்ப்பதிலும்தான் போகிறது. ஜன்னலை யாரும் பார்ப்பதில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் பக்கத்து ஊர்த் தலைமையாசிரியரும் ஒரு கட்டு ஊதுபத்தி வாங்கிப் போனோம். ஒவ்வொரு வகுப்பிலும் நடுவில் ஒரு செங்கல்லை வைத்து, பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தால் மூக்கு வருகிற உயரத்தில் ஊதுபத்தியைச் செருகி, ஃபேனை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். ஏழாம் வகுப்பில் பற்றவைத்த உடனே புகை சாய்ந்து எதிர் ஜன்னல் வழியாகப் போய்விட்டது. மூன்றாம் வகுப்பில் நூல் மாதிரி நேராக மேலே போய், ஓட்டுக்குக் கீழே குடை மாதிரி விரிந்து, அங்கேயே நின்றது. ஐந்து நிமிடம் கழித்தும் எங்கள் இரண்டு பேருக்கும் கண் எரிந்தது. அந்த அறையில் 34 பிள்ளைகள் உட்காருவார்கள்.

காரணத்தைத் தேடினால், வடபக்கத்து ஜன்னலை மறைத்து ஒரு இரும்பு பீரோ. அதன் மேலே பழைய விடைத்தாள் கட்டுகள். பீரோவைத் தள்ளினால், ஜன்னல் கொக்கி உப்புக் காற்றில் துருப்பிடித்துக் கதவு சட்டத்தோடு இறுகிப்போயிருந்தது. தச்சரைக் கூப்பிட்டு இரண்டு கீல் மாற்றினோம், விளிம்பைச் சீவினோம், மீதியைத் தேங்காய் எண்ணெய் பார்த்துக்கொண்டது. மறுபடி ஒரு ஊதுபத்தி. புகை வாசல் பக்கம் வளைந்ததைப் பார்த்ததும் அந்தத் தலைமையாசிரியர் ஒன்றும் பேசவில்லை, அடுத்த வகுப்புக்குச் செங்கல்லைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

நீங்களும் இதைச் செய்யுங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். உங்கள் பள்ளி தென்கடல் பக்கம். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் மணலுக்குப் பயந்து தெற்கு, மேற்கு ஜன்னல்களை மூடிப் பழகியிருப்பீர்கள், அதுவே பழக்கமாக நின்றிருக்கும். இனி வாடை. வடகிழக்குப் பக்கம் திறந்தால் சாரல் உள்ளே வரும். அதற்காக மூடிவிடாதீர்கள். ஜன்னலுக்கு வெளியே தார்ப்பாயைப் படகில் கட்டுவது போலச் சரிவாகக் கட்டினால் மழை வெளியே விழும், காற்று உள்ளே வரும். கடலுக்குப் போகிற பெற்றோர் யாரைக் கேட்டாலும் அரை மணி நேரத்தில் கட்டித் தருவார்கள். ஜன்னலோரத்து ஒரு வரிசையைக் காலியாக விட்டால் நோட்டும் நனையாது.

47 பேருக்கு இரண்டு அறை போதாது. வகுப்புக்கு 20 பேர் என்று வைத்தாலும் ஏழு பேர் மிஞ்சுகிறார்கள். மழையில்லாத நாளில் வேப்பமரத்தடியை மூன்றாவது அறையாக வைத்துக்கொள்ளுங்கள். இது குறைவான படிப்பு இல்லை. காசநோய்க் காலத்தில், 1904-இல் பெர்லின் பக்கத்துச் சார்லோட்டன்பர்க்கிலும், 1908-இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரிலும் திறந்தவெளிப் பள்ளிகளைத் தொடங்கியிருக்கிறார்கள். பிராவிடன்ஸில் குளிர்காலத்தில் பிள்ளைகளைக் கம்பளிப் பைக்குள் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்கள். நமக்குக் கம்பளி வேண்டாம், நிழல் இருந்தால் போதும். சத்துணவையும் அந்த நிழலிலேயே இரண்டு பந்தியாகப் போடுங்கள். முகக்கவசத்தை எல்லோரும் ஒரே நேரத்தில் கழற்றுகிற நேரம் அதுதான்.

கடைசியாகக் கட்டடம். பிள்ளைகள் வருவதற்கு முன்னால் ஏணி போட்டு மேலே ஏறிப் பாருங்கள். போன டிசம்பரில் புரெவிப் புயல் நம் கரைக்குப் பக்கத்தில் வந்து நின்றபோது கொட்டிய மழையெல்லாம் ஆளில்லாத இந்தக் கட்டடங்கள் மேல்தான் விழுந்தது. ஈரம் இறங்கிய சுவரில் சுவிட்ச் இருந்தால் எலக்ட்ரீஷியனைக் காட்டாமல் மெயினைப் போடாதீர்கள். நாங்கள் திறந்த பள்ளியில் கழிப்பறை மூலையில் பாம்புச் சட்டை கிடந்தது, மணிக்கு மேலே குளவிக் கூடு, விளையாட்டு மைதானத்தில் இடுப்பு உயரத்துக்குச் சீமைக்கருவேலம். தண்ணீர்த் தொட்டியில் பல மாதத்துத் தண்ணீர் நின்றது. திறந்துவிட்டு, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, இரண்டு தடவை அலசி, ஒரு நாள் வெயிலில் காயவிட்டோம்.

மகனுக்கு வயது ஏழு. நாள் முழுக்க முகக்கவசம் போட முடியுமா?
*– மண்டபம்*

ஐந்து வயதுக்குக் கீழே வேண்டாம் என்றும், பன்னிரண்டுக்கு மேலே பெரியவர்களைப் போலப் போட வேண்டும் என்றும், நடுவில் உள்ளவர்களுக்கு இடத்தைப் பொறுத்து என்றும் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சொல்லியிருக்கின்றன. உங்கள் மகன் நடுவில் வருகிறான். அறைக்குள் போடட்டும், மரத்தடியில் கழற்றட்டும். பையில் இன்னொன்று மடித்து வையுங்கள், மண்டபத்து வேர்வைக்கு மதியத்துக்குள் நனைந்துவிடும்.

திற, திற என்று எழுதுகிறீர்கள். ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆனால் நீங்கள் வந்து பதில் சொல்வீர்களா? ஜனவரியில் திறந்து மார்ச்சில் மூடினார்களே, மறந்துவிட்டதா?
*– ஒரு தந்தை, ராமநாதபுரம்*

மறக்கவில்லை ஐயா. ஜனவரி 19-இல் பத்தும் பன்னிரண்டும், பிப்ரவரி 8-இல் ஒன்பதும் பதினொன்றும் திறந்தன. மார்ச் 22-இல் ஒன்பதிலிருந்து பதினொன்று வரை மறுபடி மூடினார்கள். அதற்கு அடுத்து வந்த இரண்டாவது அலையில், மே மாதம், என்னோடு பதினொரு வருடம் ஒரே அறையில் வேலை பார்த்த ஆசிரியை போய்விட்டார். அவருக்கு நான் கடைசியாக அனுப்பிய செய்தியில் இரண்டு டிக் விழவே இல்லை. அதனால் உங்கள் கோபத்தின் மேல் எனக்கு வருத்தம் கிடையாது.

நான் எதை வைத்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) இந்த வருடம் ஜூன், ஜூலையில் நாடு முழுக்க ரத்தம் எடுத்துப் பார்த்தது. ஆறு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளில் 57 சதவீதம் பேருக்கும், பத்து முதல் பதினேழு வயதில் 61 சதவீதத்துக்கு மேலும் எதிர்ப்புப் பொருள் இருந்தது. பள்ளிகள் பூட்டிக் கிடந்த காலத்திலேயே பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளை நோய் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது, பெரும்பாலும் வீட்டாருக்குத் தெரியாமலே. பெரியவர்களை விடச் சிறு பிள்ளைகள் இதைத் தாங்கிக்கொள்கிறார்கள், திறப்பதென்றால் தொடக்கப் பள்ளிகளை முதலில் திறப்பது நல்லது என்று அதன் தலைவர் பல்ராம் பார்கவா ஜூலையில் சொன்னார். நாம் பெரிய வகுப்புகளை முதலில் திறந்தோம். பரீட்சை இருப்பதால் அப்படிச் செய்தார்கள், புரிகிறது. ஆனால் எழுத்துக் கூட்டத் தெரியாமல் இரண்டு வருடம் போன பிள்ளைகளுக்குத்தான் நஷ்டம் அதிகம் என்பது என் கருத்து.

ஆபத்தே இல்லை என்று நான் எங்கேயும் எழுதவில்லை. திறக்கிற திட்டத்தோடு மூடுகிற திட்டமும் எழுதிவைக்கச் சொல்லுங்கள். ஒரு பிள்ளைக்கு வந்தால் யார் யாரைக் கூப்பிடுவது, எந்த வகுப்பு மட்டும் எத்தனை நாள் வீட்டில் இருக்கும், அந்த நாட்களில் பாடமும் சாப்பாடும் எப்படிப் போகும் என்று. நாங்கள் எழுதியது ஒரே பக்கம்தான், ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். ஒரு வகுப்பை மூடத் தெரிந்துவைத்திருந்தால் முழுப் பள்ளியையும் மூட வேண்டி வராது.

என் மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். அங்கே ‘பள்ளி மாவட்டம்’ கூடி முடிவெடுத்தது, பேரப்பிள்ளைகள் வாரம் இரண்டு நாள் மட்டும் போனார்கள் என்றாள். அது என்ன முறை? நமக்கு ஒத்துவருமா?
*– கீழக்கரை உம்மா ஒருவர்*

அங்கே பள்ளி மாவட்டம் என்பது நம் வருவாய் மாவட்டம் போல இல்லை உம்மா. ஒரு நகரத்துக்கோ வட்டாரத்துக்கோ உள்ள பள்ளிகளைச் சேர்த்துப் பார்க்கிற தனி நிர்வாகம், பெரும்பாலும் மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த குழு நடத்துவது. ஆயிரக்கணக்கில் இருப்பதால் ஒன்று திறந்திருக்கும், பக்கத்திலேயே ஒன்று மூடியிருக்கும். பல இடங்களில் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து ஒரு பாதி இரண்டு நாள், மறு பாதி வேறு இரண்டு நாள் என்று வரவைத்தார்கள். பிள்ளைகளுக்கு நடுவே ஆறு அடி வேண்டும் என்ற விதியை அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் இந்த மார்ச் 19-இல் மூன்று அடியாகக் குறைத்த பிறகுதான், நிறையப் பள்ளிகளில் எல்லோருக்கும் இடம் கிடைத்தது. அதற்கும் முன்னால் டென்மார்க் 2020 ஏப்ரல் 15-லேயே சின்னப் பிள்ளைகளை முதலில் வரவைத்துவிட்டது. வெளியே வைத்துப் பாடம் நடத்தினார்கள்.

பாதிப் பாதியாக வருவது நமக்கும் ஒத்துவரும், நம் அரசும் சுழற்சி முறையைத்தான் சொல்கிறது. ஆனால் ஒன்று. அங்கே வராத நாளில் பிள்ளை வீட்டில் கணினி முன் உட்காரும். இங்கே வராத நாளில் கருவாடு காயப்போடும், தம்பியைப் பார்த்துக்கொள்ளும். அதனால் வராத நாளுக்கு என்ன வேலை என்று நோட்டில் எழுதிக் கொடுத்து, மறுநாள் பார்க்கிற ஆசிரியர் இருந்தால்தான் இது நடக்கும். மாலையில் ஊருக்குள்ளேயே தன்னார்வலர்களை வைத்துச் சொல்லிக்கொடுக்க ‘இல்லம் தேடிக் கல்வி’ என்று அரசு ஆரம்பிக்கப்போகிறது. உங்கள் தெருவில் படித்துவிட்டு வீட்டில் இருக்கிற பெண்கள் எத்தனை பேர்! அவர்களைச் சேரச் சொல்லுங்கள்.

எங்கள் ஊர்ப் பள்ளியில் எல்லாம் முடிவு செய்துவிட்டுத்தான் எங்களைக் கூப்பிட்டார்கள். கேட்க எங்களுக்கு உரிமை உண்டா?
*– ஒரு பெற்றோர், திருப்பாலைக்குடி*

உண்டு. 2009-ஆம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டத்தில் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். உங்கள் பள்ளியில் அந்தக் குழுவில் யார் யார் என்று முதலில் கேளுங்கள். பலருக்குத் தாங்கள் உறுப்பினர் என்பதே தெரியாது. பத்துப் பேராகப் போங்கள், காலை ஒன்பது மணிக்குப் போகாதீர்கள். மீன் ஏலம் முடிந்து பெண்கள் வீடு வந்து சேர்கிற நேரத்தில் கூட்டம் வைக்கச் சொல்லுங்கள்.

என் மகனுக்கு இப்போது பத்தாம் வகுப்பு. செப்டம்பரில் திறந்ததும் பத்து நாள் போனான், அப்புறம் போகவில்லை. எங்கள் வல்லத்திலேயே கடலுக்கு வருகிறான். பாதிப் பங்கு கொடுக்கிறார்கள், நல்லா வேலை செய்கிறான். கடன் இருக்கிறது, நானும் வற்புறுத்தவில்லை. தப்பா டீச்சர்?
*– ஒரு மீனவர், பாம்பன்*

அண்ணே, நீங்கள் இதை எழுதிக் கேட்டதற்கு முதலில் நன்றி. கேட்காமலே விட்டவர்கள் அதிகம்.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். பல வருடத்துக்கு முன்னால் ஆறாம் வகுப்பில் ஒரு பையன். கணக்கில் கெட்டி. மீன் கூடையைப் பார்த்தே எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவான். அப்பா இறந்ததும் வராமல் நின்றுவிட்டான். இரண்டு முறை ஆள் அனுப்பினேன். பிறகு வருடக் கடைசியில் பதிவேட்டைச் சரிசெய்யும்போது சிவப்பு மையில் அவன் பெயரை அடித்தேன். நானே போயிருக்க வேண்டும், போகவில்லை. அவன் வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. இரண்டு வருடம் கழித்துக் கடற்கரையில் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். தலை குனிய வேண்டியவள் நான்.

அதனால்தான் இந்தத் திறப்பு வேலையில் நாங்கள் முதலில் எழுதிய தாள், வராத பிள்ளைகளின் பட்டியல். போனில் கேட்கவில்லை, வீடு வீடாகப் போனோம். ஒருவன் வல்லத்தில், இரண்டு பேர் திருப்பூரில், ஒருத்தி கருவாட்டுக் களத்தில். ஒருத்திக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள், வயது பதினான்கு. அன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசினோம், கல்யாணம் நின்றது.

உங்கள் மகனுக்கு வருகிறேன். பத்து நாள் போய் நின்றான் என்றால், எனக்குத் தோன்றுவது, அவனுக்கு வேலையின் மேல் ஆசை வந்ததை விட வகுப்பின் மேல் கூச்சம் வந்திருக்கும். எட்டாம் வகுப்பில் இருந்தபோது பூட்டினார்கள். ஒன்பதாம் வகுப்பைப் பார்த்தது சில வாரம். நேரே பத்தாம் வகுப்பில் உட்காரவைத்தால் பலகையில் எழுதுவது எதுவும் புரியாது. கடலில் அவன் கெட்டிக்காரன், வகுப்பில் ஒன்றும் தெரியாதவன். எந்தப் பையனும் கெட்டிக்காரனாக இருக்கிற இடத்துக்குத்தான் போவான்.

வகுப்பாசிரியரை நீங்களே போய்ப் பாருங்கள், மகன் இல்லாமல். எட்டாம் வகுப்புக் கணக்கிலிருந்து தொடங்கித் தரச் சொல்லுங்கள். பாடத்திட்டத்தை இந்த வருடம் குறைத்திருக்கிறார்கள், பிடித்துவிடலாம். வெள்ளி இரவோ சனிக்கிழமையோ உங்களோடு வல்லத்துக்கு வரட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்பாவோடு கடல் படிப்பதும் படிப்புதான். மற்ற நாளில் அவனுடைய பாதிப் பங்கு வீட்டுக்கு வராது. அந்தக் குறையை உங்களால் தாங்க முடியுமா என்று நீங்களும் உங்கள் வீட்டுக்காரம்மாவும் உட்கார்ந்து பேச வேண்டும். கடனுக்கு அவன் பொறுப்பில்லை என்று ஒரு தடவை அவன் காதுபடச் சொல்லுங்கள். பல பிள்ளைகள் யாரும் கேட்காமலே அந்தப் பாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு அலைகிறார்கள்.

தப்பா என்று கேட்டீர்கள். இரண்டு மாதம் விட்டது தப்பில்லை. இனி மே வரைக்கும் விட்டால் தப்பு.

மிஸ், நான் எட்டாவது. எனக்கு எழுதினால் கை வலிக்குது. கடன் வாங்கிக் கழித்தல் மறந்துபோச்சு. ஸ்கூல் திறந்ததும் மிஸ் திட்டுவாங்களா?
*– ஏர்வாடி மாணவி*

கண்ணு, கை வலிக்கத்தான் செய்யும். ரொம்ப நாள் துடுப்புப் போடாமல் இருந்தவர் போட்டால் தோள் வலிக்காதா? அது மாதிரிதான். ஒரு வாரத்தில் சரியாகிவிடும். இன்றையிலிருந்து தினம் ஐந்து வரி எழுது. பாடத்தைப் பார்த்து எழுத வேண்டாம். காலையில் அம்மா என்ன வாங்கினார், என்ன விலை, மீதி எவ்வளவு என்று எழுது. அந்த மீதியிலேயே கழித்தலும் திரும்பி வந்துவிடும்.

திட்ட மாட்டார்கள். திட்டக் கூடாது என்று எனக்குத் தெரிந்த எல்லா ஆசிரியர்களிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முதல் ஒரு மாதம் எட்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடாதீர்கள், பிள்ளைகள் எங்கே விட்டார்களோ அங்கிருந்து தொடங்குங்கள் என்று. உன் மிஸ்ஸும் இந்தப் பத்தொன்பது மாதம் கரும்பலகையில் எழுதாதவர்தான், அவருக்கும் கை வலிக்கும்.

நவம்பர் முதல் வாரம் முடிந்ததும் எனக்கு ஒரு கடிதம் போடு. பிழை இருந்தால் இருக்கட்டும். உன் வகுப்பில் எத்தனை ஜன்னல், அதில் எத்தனை திறக்கிறது, திறக்காத ஜன்னலுக்கு முன்னால் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து அதில் எழுது.